மேஸ்திரியின் வெறும் வயிறு

ரொட்டிக்கடை வீட்டில் நாயைத் தூக்கி மாவுத் தராசில் வைத்த அன்றைக்கே, அந்த வீடு இரண்டாகப் போகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. நான் அந்த வீட்டு மாடியில் குடியிருக்கிறவள். தையல் தொழில். கீழே அடுப்பு, மேலே நான். அடுப்பின் புகைபோக்கி என் அறைச் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. அதில் புகை மட்டும் ஏறுவதில்லை, பேச்சும் ஏறும். ஒட்டுக்கேட்கிறவள் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். கையில் துணியும் காலில் மிஷினுமாக இருக்கிறவள் காதை எதைக்கொண்டு மூடுவது?

நாயின் பெயர் மேஸ்திரி. குட்டியாக வந்த புதிதில், மாவு பிசைகிற தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, பிசைகிற கை நின்றால் தலையைத் தூக்கிப் பார்ப்பானாம். கை மறுபடி அசைந்தால்தான் தலை கீழே போகும். அதனால் அந்தப் பெயர். நல்ல உயரம், தேன் நிறம், அகன்ற மார்பு. அவன் வாசலில் நின்றால் தபால்காரர் எதிர்ச்சாரியில்தான் நடப்பார். அந்த வீட்டில் நாயை ‘அது’ என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் ‘அவன்’ என்றே பழகிவிட்டேன்.

அப்பேர்ப்பட்டவன்தான் கொஞ்ச காலமாக ஊதிக்கொண்டே போனான். கழுத்துக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வால் முடி கொட்டி எலிவால் ஆகிவிட்டது. எந்நேரமும் அடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தூக்கம். பால்கேன் மேல் பூனை ஏறி உட்கார்ந்து முகம் கழுவுகிறது, இவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு அதையும் மூடிக்கொள்கிறான்.

தராசு முள் மைதா மூட்டைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக நின்றதும் பெரியவர் விசாரணையை ஆரம்பித்தார். பெரியவர் என்றால் வீட்டுக்கு மூத்தவர், அடுப்புக்குச் சொந்தக்காரர். அவர் தம்பி சின்னவன், மூன்று சக்கர வண்டியில் ரொட்டியைக் கடை கடையாகப் போட்டுவிட்டு வருகிறவன். நாயைக் குட்டியில் கொண்டுவந்தது அவன்தான். அப்புறம் அண்ணி, பெரியவரின் மனைவி. சின்னவன் அரைக்கால் சட்டை போட்ட வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். மாமியார் இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை சீவி, பாடம் சொல்லி, ஆளாக்கினவள். அவன் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ரொட்டி வாங்க வருகிற கிழவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் அழைப்பார்கள்.

யார் திருட்டுத்தனமாகத் தீனி போடுவது என்பதுதான் விசாரணை. அண்ணி, நான் ஒன்றும் போடவில்லை என்று அடித்துச் சொன்னாள். சின்னவனும் அப்படியே சொன்னான். பெரியவர் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, தானும் போடவில்லை என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டார். ஆக மூன்று பேரும் யோக்கியர்கள், நாய் மட்டும் மூட்டை. பெரியவர் பார்வை தம்பி மேல் போய் நின்றது.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் முடி உதிர்ந்த நாயைப் பார்த்து மூக்கைச் சுளிக்க ஆரம்பித்திருந்தார்கள். சொறிநாய் படுத்திருக்கிற இடத்தில் செய்கிற ரொட்டியை எப்படித் தின்பது என்று ஒரு அம்மாள் என்னிடமே கேட்டாள். மாதம் முடிவதற்குள் நாய் பழையபடி ஆகவில்லையென்றால் அவன் பிறந்த மரக்கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் பெரியவர். சின்னவன் குரல் புகைபோக்கியில் தெளிவாக ஏறி வந்தது.

“நாயி போனா நானும் போறேன். ஊருக்கு வெளிய ரொட்டி ஃபேக்டரில ஆளு கேக்கறாங்க. அங்க அடுப்படி வேலையே குடுக்கறாங்களாம். இங்கதான் எத்தன வருஷமானாலும் நான் வண்டிக்காரன்.”

“அடுப்பு உனக்கு விளையாட்டாடா? பொய் சொல்ற கைய அடுப்புல விட முடியாது.”

நாய் ஒரு சாக்குதான், உள்ளே கனன்றது வேறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் ஈடு ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கிற நீண்ட மரத்துடுப்பைப் பெரியவர் ஒருநாளும் தம்பி கையில் கொடுத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அவரேதான் எடுப்பார். சாயங்காலம் அண்ணி மாடிக்கு வந்து, ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் என் முன்னால் நின்று அழுதாள். “அவன் போயிட்டா இந்த வீட்ல நான் யாருக்கு அண்ணி, அக்கா?” என்று கேட்டாள். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் காட்டலாம் என்று அண்ணிதான் சொன்னாள். அதிலும் தகராறு. டாக்டர் சொல்வதை அண்ணன் மாற்றிச் சொல்வார் என்று தம்பிக்குச் சந்தேகம், தம்பி முழுங்கிவிடுவான் என்று அண்ணனுக்கு. கடைசியில் நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியின் பின்னால் ரொட்டிப் பெட்டிகளை எடுத்துவிட்டு மேஸ்திரியும் நானும் உட்கார்ந்தோம். அவன் என் மடியில் தலையை வைத்துத் தூங்கினான். தலை மட்டுமே ஒரு தேங்காய் மூட்டை கனம்.

டாக்டர் ஒரு சின்ன உருவம், அதட்டுகிற பழக்கமில்லாத பெண். மேஸ்திரியின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள். எப்போதும் வெதுவெதுப்பான இடமாகத் தேடிப் போகிறானா என்று கேட்டாள். அடுப்படியில்தான் படுப்பான், அதில் என்ன அதிசயம், நாங்களே அங்கேதான் உட்காருவோம் என்றார் பெரியவர். வேறு எந்த வீடாக இருந்தாலும், வெயில் காலத்தில் நாய் நெருப்புக்குப் பக்கத்தில் படுப்பதை யாராவது கவனித்திருப்பார்கள். ரொட்டிக்கடையில் யார் கவனிப்பது?

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், தைராய்டு. உடம்பு சூடாக இருப்பதும் சுறுசுறுப்பாக ஓடுவதும் தின்றது செரித்துச் செலவாவதும் அதன் கையில்தானாம். மேஸ்திரிக்கு உடம்பே அந்தச் சுரப்பியைப் பகையாளி என்று நினைத்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது.

“வீட்டுக்குள்ளயே சண்டைங்கற மாதிரி” என்று நான் சொன்னேன். அண்ணன் தம்பி இரண்டு பேருமே என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்தார்கள்.

“அப்போ யாரும் தீனி போட்டதால இல்லையா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்ல சார். இது பரம்பரையா வர்றது. பொறக்கும்போதே ரத்தத்துல இருந்திருக்கும், வயசு ஏற ஏற வெளிய தெரியுது. தீனியும் கொஞ்சம் கூடுதலாத்தான் போயிருக்கு, அது வேற விஷயம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெரியவர் அதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஆயுசு முழுக்க. கொடுத்தால் மற்ற நாய்களைப் போல ஓடியாடி இருப்பான். இவனுக்கு ஜோடி சேர்த்துக் குட்டி எடுக்கக் கூடாது, கூடப்பிறந்ததுகளையும் பெற்றதையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என்றும் சொல்லி அனுப்பினாள்.

இந்தச் சேதியை மரக்கடைக்காரரிடம் சொல்லப் போய்ச் சின்னவன் பட்ட பாடு தனிக்கதை. மரக்கடைக்காரர் மேஸ்திரியைத் தன் இன்னொரு பெண்நாய்க்கு ஜோடி சேர்ப்பதாக ஏற்கெனவே நாலு பேருக்குக் குட்டி வாக்குக் கொடுத்திருந்தார். மரத்தூளில் வெள்ளையடித்த மாதிரி நின்றுகொண்டு, எங்கள் வம்சத்தில் குறை சொல்ல எவனுக்குத் தைரியம் என்று குதித்தாராம். நல்லதைச் சொல்லப் போனவனுக்கு நடுவீதியில் வசவு. அப்போது வாள் மிஷினுக்குப் பக்கத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு, உச்சி வெயிலில் நடுங்குகிற மாதிரி சுருண்டு கிடந்தாள் மேஸ்திரியின் தாய். அவளுக்கும் வாலில் முடியில்லை.

“வயசாச்சு, அதான் குளிருது” என்றாராம் மரக்கடைக்காரர். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? நூல் எனக்குத் தெரிந்த சமாச்சாரம்.

மறுவாரம் டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். மரக்கடைக்காரர் தாயைக் கூட்டிவந்திருந்தார். லேத் பட்டறையிலிருந்து மேஸ்திரியின் கூடப்பிறந்தவன் ஒருவன், அரைக்கிற சத்தத்திலும் எழுந்திருக்காத தடியன். மருந்துக்கடையிலிருந்து ஒருத்தி, அவளுக்கு இன்னும் ஒன்றுமில்லை, துள்ளிக்கொண்டிருந்தாள். ஒரே ஈற்றுக் குட்டிகள் இத்தனை வருஷம் கழித்து ஒன்றையொன்று முகர்ந்து பார்த்து, தாயைச் சுற்றி வட்டமாகப் படுத்துக்கொண்டன. பெஞ்சின் இந்தக் கோடியில் பெரியவரும் அந்தக் கோடியில் சின்னவனும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத வீடாயிற்றே, ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பட்டறைத் தடியன் ஓடத் தொடங்கிவிட்டான் என்று சேதி வந்தது. மரக்கடைத் தாய் சாக்கை உதறிவிட்டு லாரியைத் துரத்துகிறாளாம். எங்கள் மேஸ்திரி மட்டும் அசையவில்லை. வால் மொட்டையாகவே இருந்தது. பூனை இப்போது பால்கேனை விட்டு அவன் முதுகிலேயே உட்காரக் கற்றுக்கொண்டது.

பெரியவர் மறுபடி தம்பியின் முறை நாட்களைச் சந்தேகித்தார். நீ மாத்திரை கொடுப்பதாகச் சொல்லி ஏமாற்றுகிறாய், நாய் இப்படியே இருந்தால்தான் உனக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். சின்னவன் நேரே போய் ஃபேக்டரி மேலாளரைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். அவன் துணிப்பையில் சட்டைகளை மடித்து வைக்கிறான் என்று அண்ணி வந்து சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு மிஷின் ஊசி முறிந்தது.

போவதற்கு முன்னால் நாயை இன்னொரு தடவை காட்டிவிடலாம் என்று அண்ணி கடையைப் பூட்டினாள். கடை திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அவள் பூட்டி நான் பார்த்ததில்லை. நாலு பேரும் போனோம். டாக்டர் புது ரத்த முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். மாத்திரை உள்ளே போன மாதிரியே தெரியவில்லை என்றாள். பெரியவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

“வெறும் வயித்துலதான குடுக்கறீங்க?” என்று கேட்டாள் டாக்டர்.

மூன்று பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்த வீட்டில் நான் மாதக்கணக்கில் பார்க்கவில்லை.

“எப்படி முழுங்கறான்? துப்பிட மாட்டானா?”

“துப்புவான் டாக்டர்” என்றாள் அண்ணி. “அதனால பன்னுக்குள்ள வெச்சுத்தான் குடுப்பேன்.”

“நானும் அப்படித்தான்” என்றான் சின்னவன். “கொஞ்சம் வெண்ண தடவி.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “பன்னு, வெண்ண. அப்போ வெறும் வயிறுன்னா?”

“சாப்பாடு ஒண்ணும் குடுக்கறதில்லைங்க” என்றார் பெரியவர், அவளுக்குப் புரியவில்லையே என்ற இரக்கத்தோடு. “பன்னுதானே.”

“பன்னு சாப்பாடு இல்லையா சார்?”

பெரியவர் அண்ணியைப் பார்த்தார், அண்ணி சின்னவனைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்காதது. காலையிலிருந்து அடுப்படியில் நின்று ஓரம் கிள்ளி, உடைந்ததை வாயில் போட்டு, வெந்ததா என்று பிய்த்துப் பார்த்து, ஆளுக்கு அரைத் தட்டு ரொட்டி உள்ளே போயிருக்கும். அப்புறம் பத்து மணிக்கு உட்கார்ந்து, காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்பார்கள். மனதறிந்து சொல்கிற பொய் இல்லை அது. ரொட்டி அவர்களுக்குக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

“இன்னிக்குக் காலையில நீங்க என்ன சாப்பிட்டீங்க சார்?” என்று கேட்டாள் டாக்டர்.

“இன்னும் ஒண்ணும் சாப்பிடல.”

“மீசையில என்ன?”

பெரியவர் மீசையைத் தடவினார். விரலில் வந்த துணுக்கைப் பார்த்தார். “முதல் ஈடு எடுக்கறப்ப ஓரம் உடையும்” என்றார் மெல்ல. “எனக்குப் பாதி, இவனுக்குப் பாதி. இவன் குட்டியா வந்ததுலேர்ந்து அப்படித்தான்.”

“தினமுமா?”

“தினமுந்தான். அது தீனின்னு எனக்குத் தோணவே இல்லையே.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, கல்லா மேஜைக்கு அடியில் தானும் ரஸ்க் தூள் போடுவதுண்டு என்றாள். சின்னவன், வண்டி ஏறும்போது தானும் ஒரு பன் கொடுப்பதுண்டு என்றான். ஒருவரும் பொய் சொல்லியிருக்கவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றில் இருந்தது, மறைத்து வைத்தது மட்டும் யாருமில்லை. டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுதான் வரவில்லை.

மாத்திரையை வெறும் தண்ணீரோடு நாக்கின் பின்பக்கமாகத் தள்ளிக் கொடுப்பது எப்படி என்று டாக்டர் காட்டினாள். கொடுத்த பிறகும் நல்ல நேரம் வாயில் ஒன்றும் படக் கூடாது. அந்த நேரத்தில் நாயை அடுப்படியிலேயே வைக்காதீர்கள், வெளியே நடக்கக் கூட்டிப் போங்கள், எடையும் குறையும் என்றாள்.

அன்று சாயங்காலம் புகைபோக்கியில் இந்தப் பேச்சுத்தான் ஏறியது. யார் கூட்டிப் போவது? விடிகிற நேரம்தான் முதல் ஈடு இறங்குகிற நேரம். அண்ணி கடை திறக்க வேண்டும், சின்னவன் வண்டியில் ஏற்ற வேண்டும். அவன்தான் இன்னும் நாலு நாளில் போகப் போகிறானே என்று அண்ணி சொன்னது கேட்டது.

காலையில் ஜன்னலைத் திறந்தால், தெருவில் பெரியவர். கையில் கயிறு, கயிற்றின் மறுகோடியில் நகர மறுக்கிற மேஸ்திரி. கடைக்குள்ளே போக இழுக்கிறான் அவன், தெருமுனைக்கு இழுக்கிறார் பெரியவர். பார்த்தால் அவருக்கும் உள்ளே போகத்தான் ஆசை என்று தெரிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினேன்.

அடுப்பு வாயில் சின்னவன் துடுப்போடு நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். அண்ணன் ராத்திரி ஒன்றும் விளக்கவில்லையாம். விடிந்ததும் துடுப்பைத் தம்பி கையில் கொடுத்து, “இடது மூல சீக்கிரம் கருகும், அத முதல்ல எடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நாயை அவிழ்த்தாராம்.

சின்னவன் இடது மூலையை முதலில்தான் எடுத்தான். ஆனாலும் ஒரு தட்டு கொஞ்சம் கறுத்துவிட்டது. பெரியவர் திரும்பி வந்ததும் கறுத்த தட்டிலிருந்துதான் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். மென்றார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தான். ஒரு துணுக்குக்கூட அவனுக்குப் போடவில்லை, மிச்சத்தைத் தம்பியிடம் நீட்டினார். “நல்லா வெந்திருக்கு” என்றார்.

ஒன்றாம் தேதி வந்தது. சின்னவன் ஃபேக்டரியில் ஒரு மாதத் தவணை கேட்டுக்கொண்டான். துணிப்பை மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஒருநாள் பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சட்டை கொண்டுவந்தவனிடம் இன்னும் என்னடா பை என்று கேட்டேன். “நாயி சரியாகற வரைக்கும்தானே அக்கா” என்றான். “அப்புறம் துடுப்ப வாங்கிடுவாரு. அது அவரோட அடுப்பு.” பெரியவரைப் பற்றி யார்தான் உறுதி சொல்ல முடியும்?

மேஸ்திரி சரியாகிக்கொண்டு வந்தான். முதலில் கண் தெளிந்தது. பிறகு இடுப்பு என்று ஒன்று தோன்றியது. பூனை ஒருநாள் பழைய நினைப்பில் முதுகில் ஏறப் போய், எதிர்வீட்டுக் கூரையில்தான் இறங்கியது. வாலில் பூனைமயிர் மாதிரி முடி அரும்பியபோது அண்ணி அதை எனக்குக் காட்டவென்றே நாயை மாடிக்குக் கூட்டிவந்தாள். தினமும் விடியலில் அண்ணனும் நாயும் நடந்து நடந்து, பெரியவருக்கும் தொந்தி இறங்கி நான் இரண்டு கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துக் கொடுத்தேன். சின்னவனின் முதல் ஈட்டில் கறுப்பு விழுவது நின்றுபோயிருந்தது.

தவணை முடிகிற வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மேஸ்திரியின் தலையில் செல்லமாகத் தட்டினாள். அளவு கச்சிதமாக வந்துவிட்டது, இதே மாத்திரை தொடர்ந்தால் போதும் என்றாள். பிறகு பெரியவரைப் பார்த்து, பாவம், அடுப்பை விட்டுவிட்டு விடியக்காலையில் நாயோடு அலைகிறீர்களே என்று சொன்னாள்.

“இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் சார். ராத்திரி கடைய மூடினப்புறம் குடுத்தாக்கூடப் போதும். அப்போ உங்க வீட்ல ரொட்டி இருக்காதில்ல, யாரும் வெளிய கூட்டிட்டுப் போகவும் தேவையில்ல.”

சின்னவன் நாயின் காதை நீவிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள், வலித்தது. பெரியவர் கயிற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“வேண்டாம் டாக்டர்” என்றார். “காலையிலயே இருக்கட்டும்.”

“ஏன் சார், ராத்திரின்னா உங்களுக்குச் சுலபமாச்சே?”

“எங்களுக்குக் காலையிலதான் தோதுப்படும்” என்று சொல்லிவிட்டு, அவர் நாயைக் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.